கப்பல் நோட்டீஸில் ஊர்ப் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கான சொகுசுக் கப்பல் பயணங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பலுக்குள் இருக்கும் நீச்சல் குளம், நாடக அரங்கு, நள்ளிரவு விருந்து என்று பக்கம் பக்கமாக எழுதியவர், கப்பல் கரையில் நிற்கும் நேரத்துக்கு வந்ததும், மாலையில் பினாங்கைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு மாலையில் பினாங்கைச் சுற்றிப் பார்க்க முடியாது. பினாங்கில் நாலு தெருவைப் பார்க்கலாம். அந்த நாலு தெரு எது என்று முன்கூட்டியே தெரிந்தால் திருப்தியாகப் பார்க்கலாம்.

நான் சேலம்–ஏற்காடு வழித்தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மத்தியானத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, படகுச் சவாரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட் எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் முடிக்கப் பறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசி பஸ்ஸில் மூச்சிரைக்க ஏறுபவர்கள் அவர்கள்தான். ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தவர்கள் நிதானமாக வந்து ஜன்னலோரம் பிடித்துக்கொள்வார்கள். எனவே குறுகிய நேரத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது குடும்பத்தோடு அப்படியொரு சொகுசுக் கப்பலில் ஏறினோம். பினாங்குக்கு மாலை 4 மணிக்கு வரும், இரவு 10 மணிக்குப் புறப்படும் என்று அட்டவணை சொன்னது. படிப்பவர்கள் உடனே ஆறு மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். அப்படி இல்லை. கப்பலைக் கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, படி இறக்கி, ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நகர்ந்து நம் முறை வரும்போது 5 மணி ஆகிவிடுகிறது. திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம் என்பது புறப்படும் நேரம் அல்ல. அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். அது முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் தடித்த எழுத்தில் இருக்கும். எங்களுக்கு 9 மணி. ஆக, கையில் நின்றது நாலு மணி நேரம்.

மாப்பிள்ளை, "மாமா, வாடகைக் கார் பிடித்து பினாங்கு மலைக்குப் போய் வந்துவிடலாம், இழுவை ரயில் இருக்கிறது" என்றார். நல்ல ரயில்தான், 1920-களிலிருந்து ஓடுகிறது. ஆனால் மலையின் உயரம் 833 மீட்டர். ஏறத்தாழ 1,500 மீட்டரில் ஏற்காட்டை வைத்துக்கொண்டிருக்கும் எங்களை, மாலை நேரப் போக்குவரத்தில் ஊரைத் தாண்டிக் கூட்டிப் போய், டிக்கெட் வரிசையில் நிறுத்தி, ஒரு குன்றைக் காட்டுவானேன்? கெக் லோக் சி புத்தர் கோயிலும் அந்தப் பக்கம்தான். காலையில் வந்து சேரும் கப்பலாக இருந்தால் நானே போகச் சொல்வேன். மாலைக் கப்பலுக்கு அது சரிப்படாது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலா என்றால் தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள். நாமே பிடித்த கார் நெரிசலில் சிக்கினால் கப்பல் நமக்காக நிற்காது.

பினாங்கின் பெரிய வசதி, கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருப்பதுதான். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது. துறையை விட்டு வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு. அவருடைய 60 ஆண்டு ஆட்சிக்கு, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு வழியாக நடக்க வேண்டும். முதலில் 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் கருணைத் தேவி கோயில். முற்றத்தில் ஆள் உயர ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும், என் மனைவி அப்படியும் நகரவில்லை. அடுத்து மகா மாரியம்மன் கோயில், 1833-ஆம் ஆண்டினது. வாசல் பின்பக்கம் குயின் தெருவில். கடைசியில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய அந்தப் பள்ளிவாசல். மெதுவாக நடந்தாலும் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ஏழரை மணி வரை வெளிச்சம் இருப்பதால், 5 மணிக்கு இறங்கினாலும் பொழுது போய்விட்டதே என்று பதற வேண்டாம். திடீரென்று மழை கொட்டினால் கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. நடுநடுவே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பார்கள், இறங்கி ஏற வேண்டும். அந்த விஷயத்தில் சேலத்தின் முதல் அக்ரகாரத் தெருவுக்கு வந்துவிட்டது போலவே இருந்தது.

இருட்டிய பிறகு லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெருவில் தமிழ்ப் பாட்டு, பூக்கடை, பாத்திரக் கடை. பினாங்குத் தெருவில் நகரத்தார்களின் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்புவது இங்கிருந்துதான். கொலுசுக்குப் பேர்போன எங்கள் சேலத்துக்காரர்கள், வெள்ளித் தேர் கிளம்பும் இடம் என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கப்பலில் எங்களோடு வந்த ஈரோட்டுக் குடும்பம் ஒன்று ஏழு மணிக்கே திரும்பி நடந்தது. கேட்டால், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் பணம் கட்டியாகிவிட்டதே என்றார்கள். கட்டிய பணம் கட்டியதுதான். அந்தச் சாப்பாடு நாளைக்கும் அதே மேசையில் இருக்கும், பினாங்கு இருக்காது. நாங்கள் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தோம். சோற்றின் மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் அதை விட்டுவிட்டு இன்னொன்றில் ஒரு கரண்டி என்று எல்லாவற்றையும் கலந்து ஊற்றுகிறார்கள். பக்கத்தில் நீளமாகவே போட்ட வெண்டைக்காய். குழம்பைக் கலக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்த என் மனைவி தட்டை வழித்துச் சாப்பிட்டார். பரிமாறியவர் தமிழில் பேசினார், இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று அவராகவே கேட்டார். எட்டே கால் மணிக்குக் கை கழுவி, எட்டரைக்குத் துறைக்கு நடந்து வந்துவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில்லறை யோசனைகள். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வையுங்கள். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது, இந்திய நேரத்திலேயே விட்டுவைத்த கடிகாரத்தை நம்பக் கூடாது. கடலில் போகும்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் தொற்றிக்கொண்டு ரோமிங் கட்டணம் தாளிக்கும். கப்பல் அட்டையும் பாஸ்போர்ட் நகலும் சட்டைப் பையில் இருக்கட்டும். நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் புகார். ஊர் திரும்பிய பிறகு, சேலத்தில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் விநியோகித்த நோட்டீஸைப் பார்த்தேன். பினாங்கு, கோலாலம்பூர், புக்கெட், பாங்காக் என்று நாலு கொடி போட்டு நாலு ஊர். கோலாலம்பூருக்குக் கடலே கிடையாது. கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில், அங்கிருந்து ஊருக்குள் போகவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பாங்காக் என்று போடும் பெரிய கப்பல்கள் பலவும் நிற்பது லேம் சபாங்கில், அது 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. புக்கெட்டில் பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, ஆட்களைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன. முட்டி வலி உள்ள பெரியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாமா? நேரில் போய்க் கேட்டேன். அதெல்லாம் கப்பலில் சொல்வார்கள் ஐயா என்றார்.

பஸ் நிலையத்துப் பலகையில்கூட புறப்படும் நேரம் எழுதியிருக்கும். லட்சக்கணக்கில் பணம் வாங்கும் நோட்டீஸில் எந்தத் துறைமுகம், ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், படியில் இறங்குவதா படகில் இறங்குவதா, கடைசியாக ஏற வேண்டிய நேரம் என்ன என்று போட நாலு வரி ஆகும். நாலு கொடிப் படத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். தங்கள் இணைப்பில் அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது, இந்த விவரங்களைக் கேட்டு வாங்கி ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.