உள்ளங்காலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த தோல் புற்றுநோய் பற்றிய மருத்துவக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் தோல் செல்களின் மரபணுவைச் சிதைப்பது பற்றியும், உச்சி வெயிலைத் தவிர்ப்பது, சன்ஸ்கிரீன் பூசுவது பற்றியும் அதில் சொல்லியிருந்த எதுவும் தவறில்லை. பிறவியிலேயே நிறமி இல்லாமல் வெளுத்த தோலோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த எச்சரிக்கை உயிர் காப்பது. ஆனால் கட்டுரையோடு அச்சாகியிருந்தது ஒரு வெள்ளைக்காரரின் முதுகில் இருந்த மச்சத்தின் படம். அதைப் பார்க்கும் நம் ஊர் வாசகர் பலர், இது நமக்கு வருகிற நோயில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

என் அம்மாவுக்கு 62 வயதில் இடது குதிகாலில் மிளகளவு ஒரு கரும்புள்ளி தோன்றியது. காலில் மச்சம் வந்தால் வெளியூர்ப் பயணம் வாய்க்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதாக அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. சில மாதங்களில் அது படர்ந்து தடித்தபோது, மச்சம் என்ற பெயர் போய்க் கால் ஆணி என்ற பெயர் வந்தது. எருக்கம்பால் வைத்தார், மருந்துக்கடையில் கொடுத்த பிளாஸ்டரை ஒட்டினார், பிளேடால் தடித்த தோலைச் சீவியும் பார்த்தார். அது புண்ணாகி நீர் கசியத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் சர்க்கரைப் புண் என்றே முடிவு செய்து, ஐந்து மாதங்கள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து மாதங்களில் துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. தொடை இடுக்கில் நெறிகட்டி, அது வலியே இல்லாமல் பெரிதாகிக்கொண்டு போனபோது, வேறோர் ஊரில் இருந்த தோல் மருத்துவர் ஒருவர்தான் பயாப்சி எடுக்கச் சொன்னார். மெலனோமா என்று முடிவு வந்தது. அதன் பிறகு அம்மா ஒன்றரை ஆண்டுகள் இருந்தார்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய். நம் தோலின் கருநிறம் புறஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுவதால், வெயில் படும் இடங்களில் அது நமக்கு அரிதாகவே வருகிறது. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் வகைக்கு வெயிலோடு பெரிய தொடர்பில்லை. வெள்ளையரின் மெலனோமாக்களில் சிறு பங்காக மட்டும் இருக்கும் இந்த வகை, ஆசியர்களிடத்திலும் ஆப்பிரிக்கர்களிடத்திலும் பெரும்பங்காக இருக்கிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டதும் இதுதான். 1981இல், 36 வயதில், அவர் இறந்துபோனார்.

ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லாதிருப்பது, ஓரம் ஒழுங்கற்றிருப்பது, ஒரே புள்ளிக்குள் பல நிறங்கள் தெரிவது, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருப்பது, நாளாக நாளாக மாறிக்கொண்டே இருப்பது என்று கட்டுரை சொன்ன அடையாளங்கள் பாதத்துக்கும் பொருந்தும். அவற்றில் கடைசியாகச் சொன்னதையே நான் முதலில் வைப்பேன். பிறந்தது முதல் அப்படியே இருக்கும் மச்சத்துக்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவரின் உள்ளங்காலில் புதிதாக வந்து வளரும் புள்ளியை மச்சம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. நகங்கள் பலவற்றில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது கருநிறத்தவர்களிடம் இயல்பானதே; ஒரே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு தோன்றி அகன்றுகொண்டே போனாலோ, அந்தக் கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. பழைய தீக்காயத் தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் செதிள்செல் புற்றுநோய் என்ற மற்றொரு வகை தோன்றக்கூடும். காஷ்மீரில் குளிருக்காக உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கனல் சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் புற்றுநோய் வருவது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. நம் பெண்கள் அறிய வேண்டியது, உள்பாவாடை நாடாவை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் ஏற்படும் புண்ணும் அரிதாக அப்படி மாறியிருக்கிறது என்பதே. கறுத்துத் தடித்த அந்த வடு நம் வீட்டுப் பாட்டிமார் பலரிடம் உண்டு. வடு இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டி வைத்துத் தைத்துத் தளர்த்திக் கட்டலாம், அந்த இடத்தில் புண் வந்து ஆறாமல் நின்றால் காட்டலாம்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் எங்கள் உறவினர்களிடமும் இருந்தது. பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை. நோய் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அந்தச் சதைத் துண்டை வைத்துத்தான் அளக்க முடியும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுப்பதோடு பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்துவிடுகிறது. பரவிய பிறகு நிலைமை வேறு. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் மருந்துகள் 2011 முதல் வந்திருக்கின்றன. அதற்கு வழிவகுத்த ஆய்வுக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பலரை வாழவைத்திருக்கும் அந்த மருந்துகள் பாதத்தில் வரும் வகைக்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை என்பதையும், அவற்றின் விலை எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எட்டாதது என்பதையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டோம்.

2021 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அப்படி வரும்போது முதியவர்களின் இரு பாதங்களையும் திருப்பிப் பார்த்து, புதிய கரும்புள்ளியோ ஆறாத புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பிவைக்க அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நிமிடங்கள்கூட ஆகாத வேலை அது. தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த நோயைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, நம் நிறத்துப் பாதம் ஒன்றின் படத்தை, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கும் விளங்கும்படி பெரிதாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை.