இது கவ்வாத்துதானே!

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் லோரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவல் பற்றிய கட்டுரை, நாயகி மெலிண்டா வரையும் மரத்தை அவள் தனிமையின் குறியீடு என்பதோடு நிறுத்திக்கொண்டது. அது பாதிதான். பிற்பகுதியில் வீட்டு முற்றத்து ஓக் மரத்தின் நோயுற்ற கிளைகளை வெட்டுகிறார்கள். மரத்தை அழிக்க அல்ல, காப்பாற்ற. வாயடைத்துப்போன சிறுமி மீள்வதன் சரியான படம் அந்த வெட்டுதான்.

இக்காட்சியைச் சொன்னதும் என் மாணவி ஒருத்தி, "இது கவ்வாத்துதானே, டீச்சர்" என்றாள். எங்கள் மலையகத் தோட்டங்களில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அது முடிந்த தேயிலை மலை மொட்டையாய், செத்ததுபோலத்தான் கிடக்கும். சில மாதங்களில் துளிர்விடும். எந்த விமர்சகரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை! இத்தகைய நாவல்களைப் பற்றி மலையக மாணவர்களே எழுத, உங்கள் இளையோர் பக்கத்தில் மாதம் ஒருமுறை இடம் ஒதுக்கலாமே.

ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்