கருத்தடைக்குப் பின் குட்டிக்கு வேண்டிய கவனிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண் நாய்க்குட்டிகளுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் பரவிவருவது மகிழ்ச்சிக்குரியதே; எனினும் அது வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை என்பதைப் பலர் உணர்வதில்லை. எங்கள் ஏழு மாதக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மயக்கம் முழுதும் தெளியாமல், பின்னங்கால்கள் தள்ளாட, சாக்கின் மேல் நடுங்கியபடியே கிடந்தது. மூன்றாம் நாளோ மாடிப்படியில் தாவ முயன்றது. வலி குறைந்து துள்ளத் தொடங்கும் இந்த நாட்கள்தாம் ஆபத்தானவை. வெளித்தோல் ஒட்டியதுபோல் தெரிந்தாலும் உள்தையல் பிரிந்துவிடக்கூடும். 10 முதல் 14 நாட்கள் வரை ஓட்டமும் குளியலும் கூடாது. காயத்தை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை, பாவமாக இருக்கிறதென்று கழற்றிவிடவும் கூடாது. குட்டி முனகுவதைப் பொறுக்காமல் வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுப்போர் உண்டு. அவை நாய்களுக்கு நஞ்சாக முடியும். ஈறு வெளுத்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்களுக்கு இவையெல்லாம் அவசரத்தில் இரண்டே வரிகளில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன. கருத்தடை செய்யும் மருத்துவமனைகள் அனைத்தும், குட்டியை ஒப்படைக்கும்போதே இவற்றைத் தமிழில் அச்சிட்ட துண்டுச்சீட்டாகத் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.