தொலைக்காட்சி மதிப்பீடுகளில் தாமத அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் புதிய தொலைக்காட்சி வாங்குவது பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திரையின் அங்குலம், பிக்சல் கணக்கு, ஒலிபெருக்கியின் வாட் எல்லாம் அதில் இருந்தன. டிவியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவியான கன்சோலில் கேம் விளையாடுகிறவர்களுக்கென்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. தடிமனான, தங்கமுலாம் பூசிய கேபிளாகப் பார்த்து வாங்கினால் படம் தெளிவாக இருக்கும் என்றது அந்த வரி. பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் அது தெரியும் வரை ஆகும் தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே அறிவுரையைக் கடையில் கேட்டு, நம்பி, ஐந்து மாதம் அவதிப்பட்டவள் நான். அந்த ஐந்து மாதமும் என் கையின் மீதே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துநர். முப்பத்தோரு ஆண்டுகளாக அச்செழுத்தைப் பார்ப்பதே வேலை. வயது 58. வேலை முடிந்த மாலைகளில் அக்கா மகனுடன் கன்சோலில் விளையாடுவேன். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது தொடங்கிய பழக்கம். இப்போது அவனுக்குப் பதினேழு. ஓடித் தாவும் கேம்கள்தான் எனக்குப் பிடித்தவை. பள்ளத்தின் விளிம்பு வரை ஓடிவந்து, கடைசிக் கணத்தில் பொத்தானை அழுத்தித் தாவ வேண்டும். பழைய டிவியில் அது எனக்குக் கைவந்த கலை.

பழைய டிவி பழுதானதும் 55 அங்குல 4கே டிவி ஒன்றை வாங்கினோம். முதல் இரவே, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கட்டத்தில் ஒரே பள்ளத்தில் ஒன்பது முறை விழுந்தேன். விளிம்பில் சரியாகத்தான் அழுத்துகிறேன். பாத்திரமோ விளிம்பைத் தாண்டியபின்தான் குதிக்க முனைகிறது. புதுத் திரை, பழகிவிடும் என்று நினைத்தேன். வாரங்கள் ஓடின, பழகவில்லை. வயதாகிவிட்டது, விரலில் பழைய வேகம் இல்லை என்று முடிவு செய்து, கன்ட்ரோலரை அவனிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். என் கட்டைவிரலும் திரையும் ஒரே காட்சிக்குள் அடங்கும்படி கைபேசியை நிறுத்தி, விநாடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் படம் எடுத்தான். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணினோம். பொத்தான் முழுதாக அமுங்கிய ஃபிரேமிலிருந்து பாத்திரத்தின் கால் தரையைவிட்டு எழும் ஃபிரேம் வரை 46. ஒரு ஃபிரேமுக்கு நான்கு மில்லி விநாடிக்குச் சற்று அதிகம் என்பதால், மொத்தம் ஏறத்தாழ 190 மில்லி விநாடி. ரிமோட்டை எடுத்துப் பட அமைப்புகளுக்குள் போய் படத்தை மெருகேற்றும் வேலைகளைக் குறைக்கும் 'கேம் மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி படம் எடுத்தான். இம்முறை 24 ஃபிரேம். நூறு மில்லி விநாடி. இந்த நூறில் கன்ட்ரோலருக்கும் கேமுக்கும் உரிய நேரமும் சேர்ந்திருக்கிறது. குறைந்த தொண்ணூற்றுச் சொச்சம் முழுக்க முழுக்கத் தொலைக்காட்சி தின்றது.

"சித்தி, உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது" என்றான். அன்றிரவு அந்தப் பள்ளத்தை முதல் முயற்சியிலேயே தாண்டினேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை என் தொழிலை வைத்தே சொல்ல முடியும். கன்சோல் அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமையும் தொலைக்காட்சி உடனே காட்டிவிடுவதில்லை. புள்ளிகளை நீக்குகிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது, அசைவு வழவழப்பாகத் தெரிய இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தானே ஒன்றைச் செய்து செருகுகிறது. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த ஃபிரேம் கைக்கு வந்து சேரும் வரை இதை நிறுத்தி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தின் கடைசி வரி எங்கே போய் முடிகிறது என்று அறிய, அடுத்த பக்கம் மேசைக்கு வரும் வரை நான் காத்திருப்பதில்லையா, அதைப் போலத்தான். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. எங்கள் டிவி ஐந்தரை ஃபிரேம் அளவுக்குப் படத்தைப் பிடித்து வைத்திருந்தது. சினிமா பார்க்கிறவருக்கு இது தெரியாது. ஒலியையும் அதே அளவு தாமதித்து இரண்டையும் தொலைக்காட்சி ஒன்றாகவே வெளியே விடும். பொத்தானை அழுத்துகிறவருக்குத்தான் தெரியும். அவருக்கும் தாமதமாகத் தெரியாது, தன் தவறாகத்தான் தெரியும். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. படம் மங்கினால் டிவியைக் குறை சொல்வோம். தாவல் தவறினால் நம்மை நாமே குறை சொல்லிக்கொள்கிறோம்.

இப்போதைய கன்சோல்கள் தாமே சைகை அனுப்பித் தொலைக்காட்சியைக் கேம் மோடுக்கு மாற்றும் வசதி கொண்டவை. ஆனால் தொலைக்காட்சியும் அதை ஏற்கிற மாதிரியாக இருக்க வேண்டும். மெனுவில் அந்த வசதி இயக்கப்பட்டும் இருக்க வேண்டும். எங்களுடையதில் இயக்கப்படாமல் இருந்தது.

இனி கேபிளுக்கு வருகிறேன். கடைக்காரர் கொடுத்தது ஐந்து மீட்டர் நீளம், விரல் தடிமன், வலைப்பின்னல் உறை, இரு முனையிலும் தங்க நிறம். கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு மீட்டர் தூரம்கூட இல்லை. மிச்சத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தோம். கேம் மோடைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் 4கே படத்தை விநாடிக்கு 120 ஃபிரேமில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான் பையன். கன்சோல் மெனுவில் அந்தத் தேர்வு வரவே இல்லை.

டிவியைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் நான்கு எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள், அதாவது படமும் ஒலியும் சேர்ந்து வரும் கேபிளைச் செருகும் வாய்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் பக்கத்தில் மட்டும், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் 4கே 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 முறை) என்று அச்சாகியிருந்தது. நாங்கள் செருகியிருந்தது ஒன்றாவதில். நான்கு போர்ட்டில் இரண்டுக்கு மட்டுமே இந்தத் திறன் என்பது இன்றைய பல டிவிகளில் உள்ள ஏற்பாடு. அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கு (டிவியின் முன் வைக்கும் நீள ஒலிபெருக்கிக்கு) உரிய போர்ட்டாகவும் இருப்பதுண்டு. இரண்டு கன்சோலும் ஒரு சவுண்ட்பாரும் வைத்திருப்பவர் வாங்குவதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். போர்ட்டை மாற்றினால் மட்டும் போதாது. அந்தப் போர்ட் முழு வேகத்தில் வேலை செய்ய மெனுவில் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அமைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.

எல்லாம் செய்து முடித்தபின் 120 ஓடியது. இருண்ட காட்சிகளில் வெள்ளைப் பொட்டுகள் சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல மின்னின. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரை இரண்டு விநாடி முழுக் கறுப்பாகி மீண்டு வந்தது. கன்சோலின் பெட்டிக்குள் பாலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்த மெல்லிய, குட்டையான கேபிளை எடுத்து மாட்டினோம். பொட்டுகளும் இல்லை, கறுப்பும் இல்லை.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 4கே திரையில் 3840 பெருக்கல் 2160 பிக்சல், அதாவது ஏறக்குறைய 83 லட்சம். விநாடிக்கு 120 முறை என்றால் நூறு கோடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிக்சலின் நிறத்துக்கு 30 பிட் வைத்தால் விநாடிக்கு 30 ஜிகாபிட் அளவுக்குத் தகவல் கேபிளில் ஓட வேண்டும். 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 தரத்தின் உச்ச வேகம் 18 ஜிகாபிட். 4கே படத்தை 60 ஃபிரேமில் காட்ட அது போதும். 2017இல் வந்த 2.1 தரம் 48 ஜிகாபிட் வரை இடம் கொடுக்கிறது. அந்த வேகத்துக்குச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கேபிளின் பெயர் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. அதன் உறையில் க்யூஆர் குறியீட்டுடன் சான்று வில்லை ஒட்டியிருக்கும். உரிய செயலியில் ஸ்கேன் செய்து அசல்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். கேபிளின் முனையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பழையதோ புதியதோ, அதே பத்தொன்பது ஊசிகள்தான்.

தங்கமுலாம் முனை துருப்பிடிக்காமல் காக்கும். அது செய்யும் வேலை அவ்வளவே. எச்.டி.எம்.ஐ. வழியே போவது எண்கள். அவை முழுதாகப் போய்ச் சேர்ந்தால் எல்லாக் கேபிளிலும் படம் ஒன்றுதான்; சேராவிட்டால் பொட்டு மின்னும், திரை கறுக்கும். நிறம் இன்னும் கொஞ்சம் பளிச்சென்றும், நிழல் இன்னும் கொஞ்சம் ஆழமாகவும் தெரியச் செய்யும் கேபிள் என்று ஒன்று இல்லை. நீளம் கூடக்கூடச் சிரமமும் கூடும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு மீட்டர்கூட வாங்காதீர்கள் என்பதே கட்டுரையில் வந்திருக்க வேண்டிய வரி. கன்சோலுடன் வந்த கேபிள் எட்டுகிற தூரம் என்றால் வாங்கவே வேண்டாம்.

கேபிளின் தரம் பெரிய வித்தியாசம் செய்த காலம் ஒன்று இருந்தது, அதை மறுக்கவில்லை. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதில் எச்.டி.எம்.ஐ. இருந்தது, ஆனால் பெட்டிக்குள் வைத்திருந்தது மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட பழைய கேபிள். படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சள் முனை வழியே போக வேண்டும். உயர்தெளிவுப் படம் அதில் போகாது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் கேபிளில் போகும். அந்தத் தலைமுறைக் கேம்களில் எழுத்துகள் சிறியவை. மஞ்சள் முனையில் எது எந்த எழுத்து என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு ஆங்கில எழுத்துகள்கூடக் கலங்கித் தெரிந்தது நினைவிருக்கிறது. அன்று கேபிளை மாற்றியது கண்ணாடி போட்டுக்கொண்டது போல இருந்தது. அந்தக் காலத்து அனுபவத்தை இந்தக் காலத்துக் கேபிளுக்குப் பொருத்துவதால் வருவதுதான் தங்கமுலாம் அறிவுரை.

எழுத்து என்றதும் இன்னொன்று. புது டிவியில் திரையின் மூலையில் இருக்கும் மதிப்பெண்ணின் கடைசி இலக்கம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. தொலைக்காட்சி படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளிவிடும் பழைய வழக்கம் இது. பட அளவு அமைப்பில் படத்தை உள்ளது உள்ளபடி காட்டும் தேர்வு இருக்கிறது. அதைக் கொடுத்ததும் இலக்கம் முழுதாகத் தெரிந்தது. கரும்பின்னணியில் சிறு சிவப்பு எழுத்துகள் மட்டும் அப்போதும் ஓரம் கசிந்தே தெரிந்தன. பல டிவிகள் நிறத் தகவலைக் குறைத்துக் கையாள்வதால் வரும் கோளாறு இது. எங்கள் டிவியில் அந்த உள்ளீட்டின் பெயரைக் 'கணினி' என்று மாற்றியதும் எழுத்து கூர்மையானது. அக்கா மகனுக்கு இந்த வேறுபாடு தெரியவே இல்லை. எனக்கு அது எழுத்துப்பிழை போலக் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது.

விளம்பரங்களில் வரும் எண்களைப் பற்றியும் உங்கள் நிருபர் எழுத வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிடும் 120, 240 போன்றவை சில நேரம் அசைவை வழவழப்பாக்கும் மென்பொருளின் எண்ணாக இருக்கும். உண்மையான பேனல் விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். எச்.டி.எம்.ஐ. 2.1 என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அந்தத் தரத்தின் முக்கிய வசதிகள் பலவும் கட்டாயமல்ல என்பதால், 48 ஜிகாபிட் வேகமே இல்லாத கருவியும் 2.1 என்ற பெயரைத் தாங்கி வரலாம். 4கே 120 ஹெர்ட்ஸ் உள்ளீட்டை ஏற்குமா, கேமின் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்கும் விஆர்ஆர் இருக்கிறதா, எத்தனை போர்ட்டில் என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் 120 வேண்டும் என்று சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றிலும் பல கேம்கள் 60 ஃபிரேமிலோ 30 ஃபிரேமிலோதான் ஓடுகின்றன. 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் டிவிக்கு அனுப்புவது அதிகபட்சம் 1080பி (1920 பெருக்கல் 1080 பிக்சல்), 60 ஃபிரேம்தான். அதற்குத் தாமதம் குறைந்த 60 ஹெர்ட்ஸ் டிவி தாராளம். தாமதம் அதிகமான டிவியில் எத்தனை பிக்சல் இருந்தும் விளையாட்டு கைக்கு அடங்காது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் தாமதம் குறைந்ததையே வாங்குவேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தொலைக்காட்சிகளை மதிப்பிட்டு எழுதும்போது, கேம் மோடை இயக்கியும் இயக்காமலும் தாமதம் எத்தனை மில்லி விநாடி என்று அளந்து அச்சிடுங்கள். முழு வேகப் போர்ட் எத்தனை, அதில் எது சவுண்ட்பாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையின் அங்குலத்துக்குக் கொடுக்கிற ஒரு வரி அளவு இடம் போதும். எங்கள் டிவியின் அட்டைப்பெட்டியை இன்னும் பரண்மேல் வைத்திருக்கிறேன். கடிதம் எழுத உட்காரும் முன் அதை இறக்கி ஆறு பக்கமும் எழுத்தெழுத்தாகப் படித்தேன். எடை இருக்கிறது, மின்செலவு இருக்கிறது, சுவரில் மாட்டும் திருகின் அளவுகூட இருக்கிறது. தாமதத்தின் அளவு எங்கும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்