மாசாய் மாரா யோகப் பயணம்: கிளம்புவதற்கு முன்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செப்டம்பரில் கென்யா செல்கிறோம். ஜூலை முதல் அக்டோபர் வரை பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து காட்டுமான் (வில்டபீஸ்ட்) கூட்டங்கள் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வந்து நிற்கும் காலம் அது. நமது முகாம் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் விடியற்காலை ஆசனப் பயிற்சிக்குக் கம்பளி ஆடை அவசியம்.

தங்குவது தேசியக் காப்பகத்துக்குள் அல்ல, அதை ஒட்டிய, மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் சொந்த நிலத்தில். நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் குத்தகையாகச் சேர்கிறது. இதற்காகத்தான் பிடிவாதமாக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தொண்டுப் பணி இரண்டு நாள். சிங்கம் புகாதபடி மாட்டுப்பட்டிக்குக் கம்பிவலை வேலி அமைக்க உதவுவோம். மாடு பிழைத்தால், பழிவாங்கலுக்குச் சிங்கம் கொல்லப்படுவதும் குறையும். குழந்தைகளுக்கு மிட்டாயோ பணமோ நேரில் கொடுக்க வேண்டாம், அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

சாணமும் மண்ணும் குழைத்து வீடு கட்டுபவர்கள் அங்கே பெண்களே. அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நன்றி சொல்ல அவர்கள் மொழியில் 'ஆஷே ஓலெங்' என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியா திரும்பும்போது தனிமைப்படுத்திவிடுவார்கள். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. பெட்டியில் துணிப்பை மட்டும்.

வருபவர்கள் ஞாயிறு மாலைக்குள் பெயரை இங்கே பதியுங்கள்.