சிலிண்டரை வெளியே வை, மகன்

மகன்,

போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், இதையாவது கடைசிவரை வாசி. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, கிணறு நிரம்பிக் கிடக்கிறது, தங்கச்சிக்குத் தடிமன். அதெல்லாம் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குள் இருந்து வீடியோவில் வந்தபோது உனக்குப் பின்னால் அந்த நீலக் கேஸ் சிலிண்டர் நின்றது. பக்கத்தில் மீன் சுடுகிற கேஸ் கிரில், அதன் மேல் உன் சாரன் காயப் போட்டிருந்தது. சுவரோரம் பாய் சுருட்டி வைத்திருந்தது, தலையணையும் இருந்தது. கதவைச் சாத்தியிருந்தாய், தகரத்தில் விழுகிற மழைச் சத்தத்தில் நீ கதைத்தது பாதி கேட்கவில்லை. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

கேஸ் காற்றைவிடப் பாரம், மகன். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத்தான் பரவும், பாயில் படுத்திருக்கிறவனிடம்தான் முதலில் வரும். கசிவு தெரியட்டும் என்றுதான் அந்த அழுகின மணத்தைக் கலந்து விடுகிறார்கள், ஆனால் அலுத்துப்போய் நித்திரை கொள்கிறவனுக்கு எந்த மணம் தெரியும்? குளிர்கிறது, உடுப்புக் காயவில்லை என்று கிரில்லை உள்ளே கொளுத்தி வைக்கவும் வேண்டாம். கதவைச் சாத்திய அறைக்குள் அது எரிந்தால் வருகிற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது, தலை இடிக்கும், பிறகு எழும்ப முடியாமல் போகும். கிரில் வெளியே வைத்துக் கொளுத்துகிற சாமான். இது உனக்குத் தெரியாததா?

2021இல் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்தபோது நான் பயந்துபோய் விறகுக்கு மாறினேன். நீதான் ஓடி வந்து, குசினிச் சுவரில் துளை போட்டு, சிலிண்டரைப் புறத்தே நிறுத்தி, ஹோஸை உள்ளே எடுத்துத் தந்தாய். சவர்க்காரத் தண்ணீரை ஹோஸ் நெடுகத் தடவி "நுரை முட்டை விட்டால் கசிவு, விடாட்டி பயப்படாதீங்க" என்று எனக்கும் அயல் வீட்டுக்கும் காட்டினாய். உன் மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். ஊருக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை சிலிண்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாய்.

களவு போய்விடும் என்று உள்ளே வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் வெளியே தாழ்வாரத்தில் நிமிர்த்தி வைத்து, சங்கிலி போட்டுத் தூணோடு பூட்டு. படுக்கப் போடாதே, நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி வாய்க்கு மூடியைப் போடு. அப்படியும் எவனாவது கொண்டு போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம்.

கிரில்லையும் பார்த்தேன், அதன் காலில் கறள் ஏறிவிட்டது. அறுகம்பையில் கடல் உன் வாசலில் கிடக்கிறது, உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கோடையில் கச்சான் காற்று அடிக்கும்போது மணல், மாரியில் வாடையும் ஈரமும், ஆக வருஷம் முழுக்க அதற்கு ஒரு கை தேவை. சீசன் இருக்கிற ஏழெட்டு மாதம் மட்டும் துடைத்துவிட்டு, வெள்ளைக்காரர் போனதும் மூலையில் தள்ளிவிட்டால் அடுத்த சித்திரையில் அது உனக்கு உழைக்காது. குவைத்தில் நான் வேலைக்கு நின்ற வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை என்றால் முற்றத்தில் கிரில் போடுவார்கள், குளிர்காலத்தில் அதையும் ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் கூடாரமடிக்கப் போவார்கள். கழுவித் துடைத்ததெல்லாம் நான்தான். தூசிக் காற்று ஒருநாள் அடித்தால் போதும், பர்னரின் துளை பாதி அடைத்திருக்கும். அதனால் இதைப் பற்றி நான் சொன்னால் நீ கேட்கலாம்.

பர்னரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டு. துளைகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் குத்து, ஈர்க்கு போடாதே, அது உள்ளே முறிந்து நின்றுவிடும். பிறகு குழாய் வாயை டோர்ச் அடித்துப் பார், மாதக் கணக்கில் சும்மா கிடந்தால் சிலந்தி உள்ளே வலை கட்டியிருக்கும். பார்க்க ஒரு நூல் மாதிரித்தான் தெரியும், ஆனால் அது அடைத்தால் கேஸ் முன்னால் போக வழியில்லாமல் பின்னால் திரும்பி, திருகுக்குக் கீழே நெருப்புப் பிடிக்கும், உன் கை நிற்கிற இடத்தில். திரும்பக் கொளுத்தும்போது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொளுத்து. மூடியிருந்தால் உள்ளே கேஸ் சேர்ந்து, நெருப்பைக் காட்டினதும் முகத்தில் அடிக்கும். சுவாலை நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் நிறுத்திவிட்டுத் திரும்பத் துடை.

கம்பித் தட்டைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதே என்று முந்தியும் சொன்னேன். அதிலிருந்து ஒரு கம்பி உதிர்ந்து மீனில் ஒட்டினால் சாப்பிடுகிறவன் தொண்டையில் குத்தும். சூடு ஆறமுதல் தேங்காய்த் தும்பால் தேய்த்தால் போதும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெயை மெல்லிசாகப் பூசு. கொழுப்பு வடிகிற தட்டை ஒவ்வொரு நாளும் கொட்டு, அதில் தேங்கினதுதான் பற்றி எரியும். தறப்பாளால் மூடுவது நல்லது, ஆனால் ஈரத்தோடு மூடினால் மூடாததைவிட மோசம். வெயில் கண்ட நாளெல்லாம் தறப்பாளை எடுத்துக் காயவிடு.

நீ இதெல்லாம் செய்கிறவன்தான். அந்தக் கடையை நீ ஒருத்தன் நின்று எழுப்பினாய். 2022இல் கேஸ் கிடைக்காமல் சனம் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலத்தில், கரியிலும் விறகிலும் மீன் சுட்டுக் கடையைத் திறந்து வைத்திருந்தாய். எனக்கு அதை நினைத்தால் நெஞ்சு நிறையும். ஒரு தாய்க்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் மகன், அப்போதெல்லாம் ஐப்பசியோடு கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருப்பாய், வயல் வேலைக்குப் போவாய், மழை விட்ட நாளில் மோட்டார் சைக்கிளில் போய்க் கடையைப் பார்த்துவிட்டுப் பின்னேரமே திரும்பிவிடுவாய். இந்த மாரியில் பூட்டின கடைக்குள் அப்படி என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. உன் வீடு இருக்கிற தம்பிலுவில் அங்கிருந்து எட்டாத தூரமும் இல்லை.

மருமகளும் எடுக்கிறாள். மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைக்கிறாள், நானும் மழையைப் பற்றித்தான் கதைக்கிறேன். போன கிழமை சின்னவள் போனைப் பறித்து "அப்பா கடையில" என்றாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை, யாரோ போனை வாங்கிவிட்டார்கள். நான் எதையும் தோண்டவில்லை. நீயாகச் சொன்னால் கேட்பேன், சொல்லாவிட்டாலும் உன் அம்மாதான். மருமகள் நல்ல பிள்ளை, அதை மட்டும் சொல்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வாயடைத்துப்போய் நாள்கணக்கில் இருப்பாய், அது உன் அப்பாவின் குணம், அதோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சரி, சிலிண்டருக்கு வருகிறேன். உன் ஹோஸ் வளைகிற இடத்தில் வெடித்திருந்ததை ஆவணியில் வந்தபோதே பார்த்தேன், மாற்றுகிறேன் என்றாய், மாற்றியிருக்கமாட்டாய். டவுனில் புது ஹோஸும் ரெகுலேட்டரும் கிளிப்பும் வாங்கி வைத்திருக்கிறேன், கடைக்காரனிடம் கேட்டுச் சரியான அளவாகத்தான் வாங்கினேன். கொண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று தங்கச்சி சொல்கிறாள். வேண்டாம், நானே கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் ஏறி, தம்பிலுவிலில் இறங்கிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் உன்னிடம் வருவேன். வரவேண்டாம் என்று போன் எடுக்காதே, நான் வருவேன். திரும்பும்போது நீயும் தம்பிலுவில் வரைக்குமாவது என்னோடு வா, இருட்டில் எனக்குப் பஸ் பிடிக்கக் கஷ்டம்.

வெள்ளி வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே சிலிண்டரைத் தாழ்வாரத்துக்கு எடு. எடுத்ததும் ஒரு படம் அனுப்பு. இரவில் எழும்பும்போது மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதே, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடு, பிறகுதான் மற்றதெல்லாம்.

அம்மா