பெட்டியைத் திறந்து காட்டுங்கள், முதலாளிமாரே

திருகோணமலை நகரில் கொம்பியூட்டர், கேம் சாமான் விற்கும் கடை முதலாளிமாருக்கு,

வணக்கம். கார் கேம் ஓட்டும் ஸ்டியரிங் விஷயமாக ஒரு கடையில் நடந்த வாக்குவாதம் இதற்குள் உங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அந்தக் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கு மட்டும்தான் அப்படி என்றால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. நான் கேட்பது ஒன்றுதான்: ரேஸிங் ஸ்டியரிங் விற்கிறீர்கள் என்றால், ஒன்றையாவது மேசையில் பூட்டி ஓடவிட்டு, வாங்க வருகிறவரைப் பிடித்துப் பார்க்க விடுங்கள்.

அக்காவின் மகன் ஃபோர்ஸ் ஃபீட்பேக் (கார் ஓடும் விதத்துக்கேற்ப உள்ளே இருக்கும் மோட்டார் ஸ்டியரிங்கை இழுப்பது) உள்ளதுதான் வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கினான். பெட்டியில் இருந்ததோ 'வைப்ரேஷன் ஃபீட்பேக்'. இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால், கார் நின்றாலும் நூறில் பறந்தாலும் ஒரே இழுவை. கையை விட்டால் டக்கென்று நடுவுக்கு வந்து நிற்கிறது. உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கும்போது, மோட்டார் உள்ள ஸ்டியரிங் தானாகவே வழுக்குகிற பக்கம் திரும்பப் பார்க்கும். கண் காண முன்னம் கைக்குத் தெரிந்துவிடும். முன்சில்லு பிடி விட்டால் ஸ்டியரிங் இலேசாகிப்போகும். இதுவோ கார் வழுக்கினாலும் சுவரில் மோதினாலும் ஃபோன் மாதிரி ஒரே நடுக்கம்தான் நடுங்குகிறது. உப்புவெளியில் நண்பன் வீட்டில் லொஜிடெக் ஜி29 என்ற மோட்டார் ஸ்டியரிங்கில் ஓட்டிப் பழகிய பெடியன், ஒரு சுற்று ஓடி முடிக்கவில்லை, முகம் விழுந்துவிட்டது.

திருப்பிக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்: "தம்பி, நடுங்குதுதானே? அதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். உடைச்ச பெட்டியை நாங்கள் எடுக்கிறேல்லை."

உடைக்காமல் எப்படி ஐயா பார்ப்பது? மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு பாரைக்குக்கூட இந்த ஊரில் யாரும் காசு கொடுப்பதில்லை. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்குகிற சாமானை மட்டும் படத்தைப் பார்த்து வாங்க வேண்டுமாம்.

நீங்களே உங்கள் கையிருப்பைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இழுக்கும் மோட்டார் உள்ள ஸ்டியரிங்குக்கு யூஎஸ்பி வயரில் வரும் மின்சாரம் போதாது, சுவரில் செருக ஒரு அடாப்டரோ தனி மின் வயரோ கூடவே வரும். சுவர் மின்சாரம் இல்லாமல் யூஎஸ்பியில் மட்டும் ஓடுகிறதென்றால் அது நடுங்கும், இழுக்காது. ஒருவர் பாவித்த ஜி29ஐ அடாப்டர் இல்லாமல் விற்றுவிட்டு 'வேறு எங்காவது ஒன்று எடுங்கோ' என்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

எந்த கேம் மெஷினுக்கு எது என்பதும் அப்படித்தான். லொஜிடெக் ஜி29, ஜி920 இரண்டும் பார்வைக்குச் சகோதரர்கள், உள்ளே பற்சில்லும் மோட்டாரும்கூட ஒரே மாதிரி. ஆனால் ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பொக்ஸுக்கு. கொம்பியூட்டரில் மட்டும் இரண்டும் ஓடும். த்ரஸ்ட்மாஸ்டர் டி150, டிஎம்எக்ஸ் கதையும் அதே. 'எல்லாத்துக்கும் வேலை செய்யும்' என்ற உங்கள் ஒரே பதிலைக் கேட்டால் அந்தக் கம்பனிக்காரரே அதிசயப்படுவார்கள்.

பாகைக் கணக்கையும் யாரும் சொல்வதில்லை. 900 பாகை என்றால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரண்டரைச் சுற்று. பஸ், லொறி ஓட்டும் கேமுக்கு அது வேண்டும். 270 பாகையில் முக்கால் சுற்றோடு முடிந்துவிடும். அதில் பஸ்ஸை வளைத்தால் சந்தியில் நிற்கும் கடை உள்ளே வந்துவிடும். அப்புறம் கியர். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்காரர், கியர் இடக்கையில்தான். தனியாகப் பூட்டும் கியரை இடப்பக்கம் வைக்கலாமா என்று கேட்டதற்கு ஒரு கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தாராளமாக வைக்கலாம், கிளாம்ப்தான்.

கொழும்பில் இருப்பவனுக்கு நான்கு கடை ஏறி இறங்க வழி உண்டு. இங்கிருந்து போவதென்றால் ஹபறணை தாண்டி ஒரு முழு நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அது தெரிந்துதான் எங்களிடம் எதையும் தள்ளிவிடலாம் என்ற துணிவு வருகிறதோ என்னவோ. ஃபோன் கவரில் தொடங்கி யூபிஎஸ் பெட்டரி வரை இதே கதை, அதை எழுதப்போனால் இந்த மடல் முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யான விளக்கம் கொடுத்து விற்பதைத் தடுக்கிறது. முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. முகம் பார்த்துப் பழகிய ஊரில் அதை அழுத்த எனக்கு விருப்பமில்லை.

சரி, கோபத்தை விடுவோம். மோட்டாரிலேயே நேராகப் பூட்டி வரும் டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங்கை நாங்கள் கேட்கவில்லை. 5 நியூட்டன் மீற்றரில் இழுக்கும் ஃபனடெக் சிஎஸ்எல் டிடியை எங்கள் பிளாஸ்டிக் மேசையில் பூட்டினால் முதலில் ஓடுவது மேசைதான். விற்கிற சாமானில் ஒன்றைத் திறந்து வையுங்கள், பிடித்துப் பார்க்க விடுங்கள், எந்த மெஷினுக்கு என்பதைப் பில்லில் எழுதித் தாருங்கள். தயவுசெய்து. எந்தக் கடை முதலில் முன்வந்தாலும், பூட்டிச் சரிபார்த்துத் தர ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். காசு வேண்டாம், ஒரு பிளேன் டீ போதும்.

இப்படிக்கு,
உங்களிடமே இனியும் வாங்க விரும்பும்
திருகோணமலை வாடிக்கையாளர் ஒருவர்